பிளவுஸ் பிரிக்க வந்தவர்கள் கேட்டவை: வடசென்னைக் கர்ப்பிணிகளின் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கல்யாணம், காதுகுத்துக்குப் போட்டோ எடுப்பவர். ஐந்தாம் மாதம் ஆனதும் பிளவுஸைப் பிரித்துவிடச் சொல்லி வருவார்கள். டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்ததும் கேள்வியும் ஆரம்பிக்கும். ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை, இரண்டு பிள்ளை பெற்றவள், அவ்வளவுதான். பிரஷர், சர்க்கரை, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது என்று உங்களை ஓய்வில் இருக்கச் சொல்லியிருந்தால், கீழே நான் 'போகலாம்' என்று எழுதியிருப்பது எதுவும் உங்களுக்கு இல்லை.

அக்கா, இந்த பிளவுஸ் இன்னும் எத்தனை மாசம் தாங்கும்?

உள்ளே எவ்வளவு துணி விட்டுத் தைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டிருந்தால் இரண்டு மூன்று தையல் ஓடியிருக்கும்; தேவைப்படும்போது ஒவ்வொரு தையலாகப் பிரித்தால் எட்டாம் மாதம் வரை ஓட்டலாம். எல்லாத் தையலையும் ஒரே நாளில் பிரிக்காதீர்கள், தோள் தொங்கும்.

புதிதாகத் தைப்பதென்றால் ஏழாம் மாதத்துக்கு மேல், முன்பக்கம் ஹூக் வைத்து, பருத்தியில் இரண்டு போதும். பால் கொடுக்கும்போதும் அதுவே ஆகும். பாவாடை நாடாவைத்தான் பலரும் கவனிப்பதில்லை. வயிற்றின் மேல் இறுக்கிக் கட்டி, சாயங்காலம் கயிற்றுத் தடத்தோடு வருவார்கள். நாடாவுக்குப் பதில் நாலு விரல் அகலத் துணிப்பட்டை வைத்துத் தருகிறேன், வயிற்றுக்குக் கீழே கட்டுங்கள்.

எங்க வீடு மூணாவது மாடி, தண்ணி கீழதான் வரும். குடம் தூக்கலாமா?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடம் என்றால் 15 கிலோவை இடுப்பில் வைத்து மூன்று மாடி ஏறுகிறீர்கள். வேண்டாம். வேறு ஆளே இல்லை என்றால் சின்ன வாளியில் பாதிப் பாதியாக, மாடிக்கு மாடி நின்று ஏறுங்கள். எடையைவிட நான் பயப்படுவது ஈரப் படிக்கட்டுக்கு. லாரித் தண்ணீர் வரும் காலையில் எல்லார் குடமும் சிந்திப் படி முழுக்க வழுக்கும். அந்தக் கூட்டம் கலைந்த பிறகு இறங்குங்கள். எதிர் வீட்டுப் பிள்ளையிடம் கேட்க வெட்கப்படாதீர்கள், வடசென்னையில் அதற்கு யாரும் இல்லை என்று சொன்னதை நான் பார்த்ததில்லை.

பைக்ல பின்னாடி உக்காந்து போலாமா? ஒரு பக்கமா கால் போட்டுத்தான் உக்காருவேன்.

ஒருக்களித்து உட்காருவதுதான் பிரச்சினை. வயிறு முன்னே வந்த பிறகு உடம்பின் சமநிலை மாறிவிடுகிறது. திடீர் பிரேக்கில் பிடிக்க எதுவும் இருக்காது. சுடிதார் போட்டு இரு பக்கமும் கால் போட்டு, ஹெல்மெட்டோடு, பக்கத்துத் தெருவுக்கு என்றால் ஆரம்ப மாதங்களில் பலரும் போகிறார்கள். ஆனால் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டிலும் மணலி பக்கமும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகாதீர்கள். எந்த மாதமானாலும் இதே பதில்தான்.

ஆட்டோ என்றால் பின் சக்கரத்துக்கு நேர் மேலே ஓரத்தில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள், குலுக்கல் கொஞ்சம் குறையும். காரில் பெல்ட் கட்டாயம்: கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்போடு, மேல்பட்டை மார்புக்கு நடுவில். வயிற்றின் மேல் குறுக்கே போகக் கூடாது.

அப்போ எதுலதான் போறது?

மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டினார்கள். அதற்கப்புறம் பிள்ளை பெற்றவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஏ.சி. இருக்கிறது. எங்கே போவதானாலும் நான் மூன்றே கேள்விதான் கேட்பேன்: பாத்ரூம் எங்கே, நிழல் எங்கே, உட்கார இடம் எங்கே. மெட்ரோ மூன்றுக்கும் பதில் சொல்லும்.

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் காலை எட்டிலிருந்து பத்து வரை ஏறாதீர்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் கூட்டமில்லாத நேரத்தில் நன்றாகவே இருக்கும். மகளிர் பெட்டியில் ஏறி 'மாசமா இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாலாம் மாதத்தில் வயிறு தெரியாது, யாரும் தானாக எழுந்திருக்க மாட்டார்கள்.

காசிமேட்டு மீன் சாப்பிடலாமா? சுறா புட்டு சாப்பிட்டா பால் ஊறும்னு ஆயா சொல்லுது.

மீன் நல்லது. நெத்திலி, மத்தி, காரப்பொடி, சங்கரா மாதிரி சின்ன மீனாக, நன்றாக வெந்ததாக, வாரத்துக்கு இரண்டு முறை சாப்பிடலாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்றுதான் வளர்கிறது. அப்படியே சின்ன மீன்களில் இருக்கும் பாதரசமும் அதன் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அது வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குக் கெடுதல். அதனால் சுறா வேண்டாம். பால் சுறா புட்டு பிள்ளை பெற்றவளுக்கு என்று நம் பக்கத்தில் காலங்காலமாகச் செய்வதுதான்; ஆனால் பால் கொடுக்கும்போதும் சுறாவைக் குறைக்கச் சொல்லித்தான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆயாவிடம் சண்டை போடாதீர்கள். அதே பூண்டு, மிளகு, வெங்காயம் போட்டு வேறு மீனில் புட்டு செய்யச் சொல்லுங்கள். என் மாமியார் அப்படித்தான் சமாதானம் ஆனார்.

கருவாட்டில் உப்பு அதிகம், கால் வீக்கமோ பிரஷரோ இருந்தால் தள்ளிவையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விலை ஏறும், பழைய ஐஸ் மீனும் வரும். அப்போது முட்டை போதும்.

அத்தோ சாப்பிடணும்னு உயிரே போகுது அக்கா.

எனக்கும் போனது. பர்மாவிலிருந்து வந்தவர்கள் நமக்குத் தந்த நல்ல விஷயங்களில் அந்தப் பிசைந்த நூடுல்ஸும் ஒன்று. அத்தோவில் பச்சை முட்டைக்கோஸும் வெங்காயமும் எப்படிக் கழுவினார்கள் என்று தெரியாது, கையாலேயே பிசைவார்கள். கவலை அந்தப் பச்சைக்காய்க்கும் தண்ணீருக்கும்தான், நூடுல்ஸுக்கு இல்லை. கொதிக்கக் கொதிக்கத் தரும் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப் பரவாயில்லை. அல்லது நூடுல்ஸை மட்டும் வாங்கி வந்து வீட்டில் காய் கழுவிப் போட்டுப் பிசையுங்கள். ருசி கடை மாதிரி வராது, அது உண்மை.

அத்தோ அல்ல, விபூதி, சாம்பல், பச்சரிசி, சாக்பீஸ் தின்ன ஆசையாக இருக்கிறது என்றால் அதை மறைக்காமல் நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் அப்படி வரும்.

பிறக்கறதுக்கு முன்னாடி குழந்தைக்குத் துணி தைக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே?

புதுத்துணி வாங்கக் கூடாது என்பதுதான் வழக்கம். அதனால் நான் பழைய வேட்டியைச் சொல்வேன், வழக்கத்துக்கும் பங்கமில்லை. நாலு முழ வேட்டி ஒன்றில் இரண்டடி சதுரமாக ஆறு துண்டு வரும். இரண்டு வேட்டி கிழித்தால் ஆஸ்பத்திரிப் பைக்குப் பன்னிரண்டு துண்டு தயார். பல வருஷம் துவைத்த பருத்தி. எந்தக் கடைத் துணியும் அவ்வளவு மெத்தென்று இருக்காது. ஓரம் மடிக்க வேண்டாம், மடிப்புத் தையல் தொடையில் உறுத்தும்.

கை சும்மா இருக்காது என்பவர்களுக்கு: பழைய பருத்திப் புடவை இரண்டை மூன்று நாலு மடிப்பாக வைத்து, ஓட்டுத்தையல் போட்டு ஒரு விரிப்பு செய்யுங்கள். அம்மா புடவை ஒன்று, மாமியார் புடவை ஒன்று என்றால் வீட்டில் அமைதியும் சேர்ந்து வரும். ஒரு நாளைக்கு நாலு வரிசை தைத்தால் இரண்டு மாதத்தில் முடியும். பட்டன், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம், பிய்ந்து வாய்க்குப் போகும். கடுகுத் தலையணை தைத்துத் தரச் சொல்லியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு வயது வரை குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்பதுதான் இப்போது சொல்லப்படுவது, மூச்சு முட்டும். நான் தைத்துத் தருவதை நிறுத்திவிட்டேன்.

பீரோவுல பத்து வருஷமா மடிச்சு வெச்ச புடவை இருக்கு, அதையே கிழிக்கலாமா?

பீரோவில் அந்துருண்டை போட்டிருந்தீர்களா என்று முதலில் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். அந்துருண்டையில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு, பார்த்தால் தெரியாது. அந்தக் குழந்தைக்கு நாப்தலீன் வாடை ஏறிய துணியைச் சுற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம்.

அந்துருண்டை வாடையுள்ள துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. மூன்று நாள் வெயில், நாலு துவையல் என்று போட்டுப் பார்த்தும் மடிப்பில் வாடை நிற்கும் புடவைகளைப் பார்த்திருக்கிறேன். அன்றாடம் கட்டித் துவைத்த புடவையைக் கிழியுங்கள். குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் காய்ந்த வேப்பிலை போதும்.

கால் மிஷின் மிதிக்கலாமா? கிரகணத்தன்னிக்குக் கத்தரி எடுக்கலாமா?

மிஷின் மிதிக்கலாம், ஆனால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் வீங்கும். எட்டாம் மாதத்தில் வயிறு மேஜையை இடிக்கும், அதுவே நிறுத்தச் சொல்லிவிடும். எனக்கு மோட்டார் மாட்டித் தந்தது இரண்டாவது பிள்ளைக்குத்தான்.

கிரகணத்தில் வெட்டினால் உதடு பிளந்து பிறக்கும் என்பார்கள். குழந்தையின் உதடு உருவாவது கருத்தரித்த 4 முதல் 7 வாரத்துக்குள். பலருக்கு அப்போது மாசமாக இருப்பதே தெரியாது. அதற்குப் பின் கத்தரி எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன. வீட்டில் பெரியவர்கள் பயந்தால் அந்த இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்குங்கள், ஓய்வு தானே.

வளைகாப்புக்கு நானே வளையல் செய்யலாமா? என்ன சைஸ் வாங்கணும்?

நூல் சுற்றும் பட்டுநூல் வளையல் செய்யலாம், ஃபெவிகால் வாடை பெரிதாக இல்லை. எனாமல் பெயிண்ட், தின்னர் பக்கம் போகாதீர்கள். சைஸ்தான் பலரும் தவறவிடுவது. ஏழாம் மாதம் கை வீங்கும். வழக்கமாக ரெண்டு-நாலு போடுபவர் ரெண்டு-ஆறு வாங்குங்கள், ரெண்டு-ஆறு போடுபவர் ரெண்டு-எட்டு. சபையில் எண்ணெய் தடவி இழுத்து, கண்ணாடி உடைந்து, மணிக்கட்டு கிழிந்து, யாரோ 'அபசகுனம்' என்று சொல்லி, அந்தப் பெண் அழுதது எனக்குத் தெரியும். அது சகுனம் இல்லை, சைஸ்.

மருதாணி அரைத்து வைப்பது நல்லது. 'உடனே கறுப்பாகும்' என்று விற்கும் கோனில் முடிச்சாயம் கலந்திருக்கும், கை வெந்துவிடும்.

எந்த மாசம் போட்டோ எடுத்தா நல்லா இருக்கும்?

28 முதல் 34 வாரம். வயிறு வடிவாகத் தெரியும், ஆனால் நடக்க மூச்சு வாங்காது. வளைகாப்பு அன்றே எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அன்று ஐந்து வகைச் சாதம், நூறு பேர், முதுகுவலி. போட்டோவில் களைப்புதான் விழும்.

கடற்கரையில எடுக்கலாமா? எத்தனை மணிக்கு வரணும்?

நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, இதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பே, ஜனவரியில் ஆறரையைத் தாண்டி உதிக்கும். கடல் பின்னால் தெரிய வேண்டும் என்றால் காலையில் வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முகம் இருட்டாகி, உருவம் நிழல்போல விழும். வயிற்றின் வளைவு தெரிய அதைவிட அழகு இல்லை: பக்கவாட்டில் நின்று, புடவையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்து, கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி, போனில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். முகம் தெரிய வேண்டும் என்றால் கடலைப் பார்த்து நில்லுங்கள், பின்னணியில் ஊர் வரும்.

திருவொற்றியூர் பக்கம் கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறைகள் நீளமாகக் கிடக்கின்றன. அதன் மேல் ஏறாதீர்கள். என் முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஒரு போட்டோக்காரர் (வீட்டுக்காரர் இல்லை, அப்போது அவர் வெளியூரில்) 'ஒரே ஒரு கல்லு மேடம்' என்று ஏற்றிவிட்டார். பகல் பதினொரு மணி வெயில், செருப்பு வழுக்கி முட்டியில் அடி. வயிற்றில் படவில்லை. அந்தப் படத்தில் நான் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ திட்டுவது போல நிற்பேன். திட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

காசிமேட்டுல படகோட எடுக்கணும்னு ஆசை. ராயபுரம் ஸ்டேஷன்?

காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கும் இடம் முழுக்க ஐஸ் தண்ணீர், செதில், கூடைகள் ஓடும் வேகம். மேலே ஈரப் படிக்கட்டுக்குச் சொன்னதேதான். ஞாயிறு விடிகாலை நினைத்தே பார்க்காதீர்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் வடிந்தபின், படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, கரையில் நின்று எடுக்கலாம். பக்கத்தில் இருக்கும் சென்னைத் துறைமுகம் பாதுகாப்புப் பகுதி, அங்கே கேமராவைத் தூக்காதீர்கள்.

ராயபுரம் ஸ்டேஷன் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய இடம். வெளியிலிருந்து முகப்புத் தூண்களோடு எடுத்தால் அழகு. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குள் போன் கூடாது. 2022-இல் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு உயர் நீதிமன்றம் சொன்ன உத்தரவு. கும்பிட்டுவிட்டு வந்து வெளியே எடுங்கள்.

கேமரா, போட்டோக்காரர் எதுக்கும் வசதி இல்ல. போன்லயே முடியுமா?

முடியும். வீட்டுக்காரர் முறைத்தாலும் சொல்கிறேன், போன் போதும். ஜன்னலுக்கு இரண்டடி தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள், ட்யூப்லைட்டை அணையுங்கள். எடுப்பவர் போனை உங்கள் மார்பு உயரத்தில் பிடிக்க வேண்டும், மேலிருந்து எடுத்தால் குள்ளமாகத் தெரிவீர்கள். கிட்டே வந்து எடுக்காமல் நாலடி பின்னே போய்க் கொஞ்சம் ஜூம் செய்யச் சொல்லுங்கள். கிட்டே வந்தால் வயிறும் மூக்கும் வீங்கித் தெரியும். மொட்டை மாடி என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், கொடியில் காயும் வெள்ளை வேட்டியின் முன்னால். மாதம் ஒரு படம், அதே சுவர், அதே புடவை என்று எடுப்பவர்களின் படங்களைத்தான் நான் அதிகம் விரும்பிப் பார்ப்பேன்.

ஆணா பொண்ணான்னு நீலம், ரோஸ் பலூன் உடைச்சு எடுக்கறாங்களே, அது மாதிரி?

இந்தியாவில் பிறக்கும் முன் பாலினம் சொல்வதும் கேட்பதும் 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனை வரை உண்டு. வெளிநாட்டில் போய் ஸ்கேன் எடுத்து இங்கே பலூன் உடைத்தாலும் சிக்கல் வரும். பிறந்த பிறகு உடையுங்கள்.

அஞ்சாவது மாசம் குடும்பத்தோட எங்கயாவது போலாமா? பழவேற்காடா திருப்பதியா?

14 முதல் 28 வாரம் வரைதான் பயணத்துக்கு நல்ல காலம். வாந்தி நின்றிருக்கும், வயிறு பாரமாகியிருக்காது. பழவேற்காடு ஐம்பது, அறுபது கிலோமீட்டர். ஏரி, பறவை, டச்சுக்காரர் கல்லறை எல்லாம் பார்க்கலாம், படகு மட்டும் வேண்டாம். கழிப்பறையைப் பொன்னேரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். திருப்பதிக்குப் போனால் அலிபிரி 3,550 படி ஏறும் வேண்டுதலை இன்னொரு வருஷத்துக்குத் தள்ளுங்கள். மலைப்பாதை வளைவில் வாந்தி வரும், முன் சீட்டில் உட்காருங்கள். வரிசையில் எத்தனை மணி நேரம் என்பதுதான் உண்மையான கேள்வி. நான் முன்பே சொன்ன மூன்று கேள்விகளை அங்கே கேட்டுப் பாருங்கள், பதில் நன்றாக இருக்காது. எனக்குப் பிடித்தது சிறுவாபுரி: கிட்டே, தரைமட்டம், செவ்வாய்க்கிழமை தவிர்த்தால் கூட்டமும் குறைவு.

வளைகாப்பு முடிஞ்சு மதுரைக்கு அம்மா வீட்டுக்குப் போகணும். ரயிலா பஸ்ஸா?

ரயில், கீழ் பெர்த். கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு, டாக்டர் சான்றிதழோடு கவுண்டரில் கேளுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குங்கள், ரத்தம் கட்டாமல் இருக்கும். விமானம் என்றால் 36 வாரத்துக்கு மேல் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட், தாய் அட்டை, பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், சூட்கேஸில் அல்ல. பிக்மி நம்பர் 12 வாரத்துக்குள் உங்கள் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் பதிந்து வாங்குவது. தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்தாலும் வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்து 18,000 ரூபாய் உதவிக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

நிறை மாசம் நவம்பர்ல வருது. மழைத்தண்ணி நின்னா என்ன பண்றது?

உங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும் என்றால், மழை எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். வலி வந்தபின் முடிவெடுக்காதீர்கள். ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி ராயபுரத்தில் இருக்கிறது. கொருக்குப்பேட்டைப் பக்கத்தவர்கள் ரயில்வே கேட் இல்லாத வழி ஒன்று, சுரங்கப்பாதை இல்லாத வழி ஒன்று என்று இரண்டையும் வெயில் நாளிலேயே ஒருமுறை போய்ப் பார்த்து வையுங்கள். 108 எண்ணுக்குச் சொல்லும்போது தெருப்பெயரோடு பக்கத்துக் கோயில், சர்ச், மசூதி எது என்றும் சொல்லுங்கள்.

ரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், குழந்தை அசைவு குறைந்தால் மழை விட்டபின் என்று பார்க்காதீர்கள். 37 வாரத்துக்கு முன்பே வயிறு விட்டுவிட்டு இறுகினாலும் அப்படித்தான்.

போன தடவை தங்கல. இந்தத் தடவை துணி தைக்க, போட்டோ எடுக்க எதுக்குமே பயமா இருக்கு.

இதைக் கேட்பவர்கள் டேப் வைக்கும்போது கேட்பதில்லை. காசு கொடுத்து, செருப்பு மாட்டும்போதுதான் கேட்பார்கள். எதுவும் செய்யாமல் இருப்பதும் சரிதான். துணி கிழிக்க வேண்டாம், நான் இரண்டு வேட்டி கிழித்து எப்போதும் கடையில் வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு ஆள் அனுப்புங்கள். வளைகாப்பை வீட்டோடு நாலு பேராக வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கண்ணு படும் என்று நினைத்தால் ஸ்டேட்டஸில் போடாதீர்கள், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

போட்டோ பற்றி ஒன்று மட்டும். புது வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் முகமும் வேண்டாம், வயிறும் வேண்டாம் என்றார். எங்கள் மாடிச் சுவரில் விழுந்த அவர் நிழலை மட்டும் வீட்டுக்காரர் எடுத்தார். 'உங்ககிட்டயே இருக்கட்டும், நான் கேக்கும்போது குடுங்க' என்று போனார். குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். இன்னும் வந்து வாங்கவில்லை, வேலை அதிகம் போல.